பூட்டில்லாத பிழைப்பு

இங்க்ஸ்கேப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், எனக்கு நேரம் போவதே தெரியாது. படம் வரைகிற ஒரு மென்பொருள்மேல் மனுசனுக்கு இத்தனை பிரியமா என்று என் அம்மாவே கேட்டிருக்கிறார். ஆமாம், அத்தனை பிரியம்தான். கொல்லிமலை அடிவாரத்தில், புளியஞ்சோலைக்குப் பஸ் போகிற ரோட்டோரத்து வீட்டில் உட்கார்ந்தபடி, மாதச் சந்தா என்று ஒரு ரூபாய் கட்டாமல், திருட்டு சாஃப்ட்வேர் பக்கமும் போகாமல், தலை நிமிர்ந்து சம்பாதித்துச் சாப்பிடுகிறேன். அதற்கு இங்க்ஸ்கேப்பும் அதன் கூடப்பிறந்த கட்டற்ற மென்பொருள்களும்தான் காரணம்.

எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம், அடுத்தவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றி எழுதி அந்த மாற்றத்தையும் ஊருக்கே கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளையும் எழுத்திலேயே தந்துவிட்டு வருவதுதான் கட்டற்ற மென்பொருள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். அங்கே பற்றிய விளக்கு இன்று என் மேசையில் எரிகிறது.

புளியஞ்சோலைக்கு வராதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாக வந்தால் மலைக்கு முன்னால் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பாறையும் காடும் தண்ணீரும்தான். மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாயகங்கையாக விழுகிற தண்ணீர் அய்யாறாகக் கீழே இறங்கிச் சமவெளியைத் தொடுகிற இடம் இது. அருவி நாமக்கல் மாவட்டம், புளியஞ்சோலை திருச்சி மாவட்டம். ஞாயிற்றுக்கிழமை வேன்களும் பிரியாணி அண்டாக்களும் வந்து இறங்கும். மற்ற நாளில் ஊர் எங்களுடையது. விடியற்காலையில் எழுந்து மலையைப் பார்த்தபடி கம்ப்யூட்டரைத் திறக்கிற சுகத்துக்கு எந்த நகரத்துச் சம்பளமும் ஈடாகாது. இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

என் முதல் கம்ப்யூட்டர், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. அதில் லினக்ஸ் ஏற்றித்தான் எல்லாமே பழகினேன். பிற்பாடு கொஞ்சம் ராம் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டியதும் அது புது மெஷின் மாதிரி ஓடியது. வேலைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். ஆனாலும் அரசு முத்திரை பதித்த அந்த லேப்டாப் இன்னும் உயிரோடிருக்கிறது. தெருப் பிள்ளைகள் மாலையில் வந்து கிருட்டா என்ற கட்டற்ற மென்பொருளில் படம் வரைவது அதில்தான்.

என் வேலை என்னவென்று கேட்டால் எதைச் சொல்வது, எதை விடுவது! அரிசி மில்லுக்கு மூட்டை டிசைன், காதுகுத்துப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், யூடியூப் சேனலுக்கு முகப்புப் படம், மலைச் சாமை, தினை விற்கிற மகளிர் குழுவுக்குப் பாக்கெட் லேபிள். அந்த லேபிள் வேலையைச் செய்யும்போது எனக்குத் தனி உற்சாகம் வரும். கொல்லிமலையின் சிறுதானிய ரகங்கள் அழிந்துவிடாமல் இருக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து மலைவாழ் மக்களோடு சேர்ந்து உழைத்துவருகிறது. அந்த மண்ணின் தானியம் கடைத்தட்டில் வந்து நிற்கும்போது அதன்மேல் ஒட்டியிருக்கிற தாளை நான் வரைந்திருக்கிறேன் என்பது எனக்குப் பெருமை. லேபிள் என்றால் அழகு மட்டும் போதாது. நிகர எடை, விலை, தயாரித்த தேதி, பதினான்கு இலக்க உணவு உரிம எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அளவு மாறும்போதெல்லாம் முன்பு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துவார்கள். நான் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன். அட்டவணையில் எடையும் விலையும் போட்டால் போதும், தானியத்துக்கு ஒன்றாக, அளவுக்கு ஒன்றாக லேபிள்கள் வந்து விழும்.

இது எப்படி முடிகிறது தெரியுமா? இங்க்ஸ்கேப் சேமிக்கிற எஸ்.வி.ஜி. கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். ‘இந்த இடத்தில் வட்டம், இத்தனை ஆரம், இந்த நிறம்’ என்று எழுதியிருக்கும். அதில் ‘பெயர்’ என்று ஒரு சொல்லை விட்டுவைத்தால், நிரல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டுவிடும். பள்ளி ஆண்டு விழாவுக்கு நூற்றுக்கணக்கில் சான்றிதழ் கேட்டு வந்தபோது டீ ஆறுவதற்குள் எல்லாப் பெயரும் ஏறிவிட்டன. டெலிவரி வாங்க வந்த ஆசிரியை எழுத்துப்பிழை தேடித்தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் “இதை எங்க பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பீங்களா, தம்பி?” என்று கேட்டார். சொல்லிக்கொடுக்காமல் இருப்பேனா! இந்த இங்க்ஸ்கேப், 2003-ல் சோடிபோடி என்ற மென்பொருளின் நிரலை எடுத்துத் தனி வழியில் கொண்டுபோன நான்கு பேரால் பிறந்தது. பிரித்தெடுத்துப் போகிற உரிமை இருந்ததால்தான் அது நடந்தது.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து அச்சகங்களில் இன்றும் பாமினி, செந்தமிழ் என்று பழைய குறியீட்டு எழுத்துருக்கள்தான் ஆட்சி. ஒரு கம்ப்யூட்டரில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அந்த வழியை நான் முழுசாக விட்டுவிட்டேன். தமிழ்99 விசைப்பலகை, யூனிகோடு, அவ்வளவுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99-ல் உயிர் எழுத்துகள் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. பழகிவிட்டால் விரல்கள் தானாகப் பேசும். இதுவரை பழகாத தமிழர்கள் எல்லாரும் ஒரு வாரம் ஒதுக்கிப் பழகுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

எழுத்துருக்களோ கொட்டிக் கிடக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரன்’ மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்பது கனங்களில் கிடைக்கிறது. இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’ கையெழுத்தின் சாய்வோடு குழைகிறது. ஏக் டைப் குழுவின் ‘பாலூ தம்பி’யைத் திருவிழா நோட்டீஸில் போட்டால் எட்ட நின்று பார்த்தாலே பளிச்சென்று தெரியும். அத்தனையும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. காசு வாங்கிச் செய்கிற வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இவற்றுக்கு அடியில் ஓசையில்லாமல் உழைக்கிற ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ‘கொ’ என்று அடிக்கிறோம். கம்ப்யூட்டரின் நினைவில் ‘க’ முதலில் இருக்கும், ஒகரக் குறி பின்னால் வரும். திரையிலோ கொம்பு முன்னால் போக வேண்டும், ககரம் நடுவில், கால் பின்னால். ஒரு குறியைப் பிளந்து இரண்டு பக்கமும் நிறுத்துகிற இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல் செய்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றுக்கும் உள்ளே அதுதான் உட்கார்ந்திருக்கிறது. கோடிக்கணக்கான பேர் தினமும் செல்போனில் தமிழ் படிக்கிறோம். கொம்பு சரியான இடத்தில் நிற்பதற்கு இந்தக் கைங்கரியமும் ஒரு காரணம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்! இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அச்சகத்துக்கு அனுப்பும்போது மட்டும் கோப்பை ஸ்கிரைபஸுக்குக் கொண்டுபோய் நான்கு வண்ண முறைக்கு மாற்றிக்கொள்கிறேன். அதுவும் கட்டற்றதே.

அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனிப் புத்தகமே வேண்டும். 2002-ல் அதை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்டது. நிரலை விடுவிக்க ஒரு லட்சம் யூரோ தேவைப்பட்டது. அதை உருவாக்கிய டன் ரோசெண்டால் உலகத்தாரிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது, பிளெண்டர் பொதுச்சொத்தானது. 2025 மார்ச்சில், முழுக்க முழுக்க பிளெண்டரில் செய்த ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியபோது நான் வீட்டில் துள்ளிக் குதித்தேன். வெள்ளத்தில் தத்தளிக்கிற பூனையின் கதை. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அந்தப் படத்தைச் செய்த அதே கருவி என் மேசையிலும் இருக்கிறது, அதே உரிமையோடு. மலையடிவாரத்துப் பையனுக்கு இதைவிடப் பெரிய சமத்துவம் எது?

வேலை இல்லாத மதியங்களில் மின்னூலுக்கு அட்டைப்படம் வரைவேன். தமிழில் இந்த மரபு பெரியது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் போன்றோர் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005-ல் எழுந்த நூலகம் திட்டம், 2003 முதல் வளர்ந்து ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட தமிழ் விக்கிப்பீடியா, 2012-ல் வரத் தொடங்கிய ‘கணியம்’ இதழ், எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கிற நூல்களை மின்னூலாக்கும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ். யாரும் சம்பளத்துக்காகச் செய்யவில்லை. நானும் அந்த வரிசையில் கடைசியில் ஒரு ஆளாக நிற்கிறேன். எடுக்கிற புகைப்படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுகிறேன்: கேழ்வரகுக் கதிர், மலைவாழைத் தார், அய்யாற்றுப் பாறையில் படர்கிற பாசி, பலாப்பழம் சுமந்து இறங்குகிற பாதை. முன்பின் தெரியாத யாரோ வேறு மொழிக் கட்டுரையில் என் படத்தை எடுத்துப் போட்டு, அடியில் பெயரும் போட்டிருப்பதைப் பார்க்கிற நாள் திருநாள்தான்.

வரைபடத்துக்கு வருவோம். என் அரசியல் அங்கேதான் தொடங்கியது. சங்கப் பாட்டிலேயே பெயர் பெற்ற மலை இது. ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவையின் மலை. ஆனால் நான் முதன்முதலில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து பார்த்தபோது எங்கள் பக்கத்துக் குக்கிராமங்கள் வெறும் பச்சைத் திட்டு. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகின் மூலைமூலையிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே இதன்மேல் குறித்தார்கள். அதைக் கல்லூரி விடுதியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நம் ஊரை நாமே வரைந்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தது.

வரைந்தேன். செல்போன் ஜி.பி.எஸ்.ஸை ஓடவிட்டு ஒவ்வொரு தெருவாக நடந்தேன். கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிற்கிற ஆலமரம், மழைக்காலத்தில் மூழ்கிவிடுகிற தரைப்பாலம். எந்தச் சந்துக்கு என்ன பெயர் என்று திண்ணையில் இருந்த பாட்டிகளைக் கேட்டேன். அதில் ஒரு பாட்டி, “எங்க தெருவுக்குப் பேரு கேட்டு வந்த மொத ஆளு நீதான் சாமி” என்று மோர் கொடுத்தார். அந்தப் பெயர்கள் இப்போது தமிழிலேயே உலக வரைபடத்தில் இருக்கின்றன. மலையோரத்தில் சிக்னல் பிடிக்காது. ஆர்கானிக் மேப்ஸ் என்ற கட்டற்ற செயலியில் முன்கூட்டியே இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே வழி காட்டும். 108-க்குப் போன் செய்கிறவர் எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. வெளியூர் டிரைவருக்கு வழி தெரிகிறது. ஒரு ஊர் வரைபடத்தில் இருப்பதும் இல்லாமல் போவதும் உயிர்ப் பிரச்சினை. இதை அரசியல் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அதே 2015-ல்தான் இணையச் சமநிலைக்கான போராட்டமும் நடந்தது. எந்தத் தளம் வேகமாக வரும், எது ஓசியில் வரும் என்று கம்பெனிகள் தீர்மானிக்கக் கூடாது என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். என்னுடையதும் அதில் ஒன்று. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான டேட்டா கட்டணங்களுக்குத் தடை வந்தது. சாதாரண மக்கள் எழுதியதற்குப் பலன் கிடைத்ததை அந்த வயதில் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நோட்டீஸ் டிசைன் கேட்டு வேட்பாளர்கள் வந்தார்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. வந்த எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரே உழைப்பு. சாதிப் பெயர் போட்டு ஓட்டுக் கேட்கிற வாசகம் வைக்க மாட்டேன் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏற்றுக்கொண்டவர்களுக்குச் செய்து கொடுத்தேன். கூடவே, கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு, நான்கு நிறச் சீட்டு, எது எந்தப் பதவிக்கு என்று படம் போட்ட சுவரொட்டி ஒன்றை என் செலவில் அடித்து ஒட்டினேன். வயதான பெண்கள் அதன் முன் நின்று விரல் வைத்துச் சொல்லிப்பார்த்த காட்சியைவிடப் பெரிய விருது எனக்கு வேண்டாம்.

இப்போது என் மொத்த உற்சாகமும் கிராம சபைமேல்தான். 1994-ம் வருடத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். வைப்பார்கள், வாசிப்பார்கள். எண்களை மளமளவென்று வாசித்தால் யார் மனதில் நிற்கும்? நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் என்று வரவை ஒரு பக்கமும், செலவை மறுபக்கமும் வண்ண வட்டமாக வரைந்தேன். பெரிய தாளில் அச்சடித்து டீக்கடைச் சுவரில் ஒட்டினோம்.

“தம்பி, இந்தச் செவப்புத் துண்டு என்னா, இம்மாம் பெருசா இருக்கு?” என்றார் கடைக்கார அண்ணன்.

“கரண்ட் பில்லுண்ணே. தண்ணி மோட்டாரு, தெரு லைட்டு.”

“அப்ப பட்டப்பகல்ல எரியிற லைட்டுக்கும் நாமதான் கட்டுறோமா?”

அடுத்த கிராம சபையில் கையைத் தூக்கி அந்தக் கேள்வியைக் கேட்டது நானல்ல, அந்த அண்ணன். அதுவரை அவர் சபைக்கு வந்ததே இல்லை. பின்னாலேயே இரண்டு பெண்கள் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச எழுந்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்து தீர்மானங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். நான் செய்த டிசைன்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால் அந்த வட்டத்தைத்தான் காட்டுவேன். காசு வாங்கிச் செய்த எந்த லோகோவும் அதன் கிட்டே வராது.

அந்தக் கோப்பை யாரும் எடுத்து, தங்கள் ஊர் எண்களைப் போட்டு அச்சடிக்கும்படி திறந்த உரிமத்தில் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் டீக்கடைச் சுவரிலும் அந்த ஊர்க் கணக்கு படமாகத் தொங்க வேண்டும் என்பது என் ஆசை. 2025 ஜனவரியில் எங்கள் பக்கத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத காலத்தில் ஊர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். கணக்கு கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு கொடுத்தால், முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் தெரிந்த ஒவ்வொரு தம்பி, தங்கையிடமும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே இங்க்ஸ்கேப்பை இறக்குங்கள். உங்கள் தெருவை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள், பெயரைத் தமிழில் எழுதுங்கள். அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்று காலண்டரில் குறித்துவைத்து, அன்றைக்குப் போய் உட்காருங்கள். வரவு செலவுத் தாளைக் கேட்டு வாங்கிப் படமாக வரைந்து உங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள். எப்படி வரைவது என்று கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் புளியஞ்சோலைக்கு வாருங்கள், சொல்லித்தருகிறேன்.